ஆளை வரைதல்: கோடும் நிறமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் உருவப்படம் வரைந்து கொடுப்பது என் தொழில். கூடவே கொஞ்சம் பேருக்குக் கற்றும் கொடுக்கிறேன். படம் கேட்டு வருகிறவர்களும் படிக்க வருகிறவர்களும் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் இரு தரப்புக்கும் வசதி. வரிசைப்படி படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போகலாம்.

முகம் அச்சு அசலாக வர என்ன செய்ய வேண்டும்?

முகத்தைக் கொஞ்ச நேரம் விட்டுவிட வேண்டும். காட்பாடி ஜங்ஷனில் உங்கள் மாமாவை அழைத்துவரப் போகிறீர்கள். பிளாட்பாரத்தின் அந்தக் கடைசியில் அவர் இறங்கும்போதே அடையாளம் தெரிந்துவிடுகிறது. அந்தத் தூரத்தில் கண்ணும் மூக்கும் தெரிவதில்லை. கழுத்தின் மேல் தலை உட்கார்ந்திருக்கும் சாய்வு, தோள்கள் இறங்கும் விதம், வயிற்றை முன்னால் விட்டு நிற்கும் நிலை, இவைதான் தெரிகின்றன. சாயல் அங்கேதான் இருக்கிறது. அதைப் பிடிக்காமல் இமை முடியை ஒவ்வொன்றாக வரைந்தால் படத்தில் நல்ல இமை இருக்கும், மாமா இருக்க மாட்டார்.

அதனால் முதலில் கண்ணை இடுக்கிக்கொண்டு பாருங்கள். விவரமெல்லாம் மங்கி, இருட்டு ஒரு திட்டு, வெளிச்சம் ஒரு திட்டு என்று பெரிய வடிவங்கள் மட்டும் மிஞ்சும். அவற்றைக் காகிதத்தில் வையுங்கள். தலை உருண்டையா, நீளமா, தாடைப் பக்கம் அகலமா, நெற்றிப் பக்கம் அகலமா என்பதைத் தீர்மானித்த பிறகு கண்ணுக்கு வரலாம்.

அப்படியானால் கண்ணை எப்போது வரைவது? கடைசியில்தான் கண் திறக்க வேண்டும் என்கிறார்களே?

அது சிற்பிகளின் சடங்கு. உருவப்படத்தில் கண்ணின் இடத்தை முதலிலேயே குறித்துவிட வேண்டும், முடிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கண்ணை மேலே தூக்கி வைக்கிறார்கள். பெரியவர்களுக்குக் கண், உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் இருக்கிறது. நெற்றியும் தலைமுடியும் நமக்கு முக்கியமாகத் தோன்றாததால் அவற்றுக்குரிய இடத்தைச் சுருக்கிவிடுகிறோம். தலை தட்டையாகிவிடுகிறது. இரண்டு கண்களுக்கு நடுவே இன்னொரு கண் அகலம். காதின் மேல்விளிம்பு புருவத்துக்கும் கீழ்விளிம்பு மூக்கின் அடிக்கும் நேராக வரும். இவை பொதுக் கணக்கு. உங்கள் எதிரில் இருப்பவர் இந்தக் கணக்கிலிருந்து எங்கெல்லாம் விலகுகிறாரோ அங்கெல்லாம் அவருடைய சாயல் இருக்கிறது. வயதானவர்களுக்குக் காதும் மூக்கும் நீண்டிருக்கும். அதைக் கணக்குக்குள் அடக்கப் பார்க்காதீர்கள்.

முழு உருவத்துக்கு ஏதாவது அளவு உண்டா?

உண்டு. நம் சிற்ப மரபில் முகத்தின் நீளத்தை ஒரு தாளமாக வைத்து, நவதாளம், தசதாளம் என்று தெய்வ உருவங்களுக்கு அளவு சொல்கிறார்கள். அவை தெய்வங்களுக்கு. நிஜ மனிதர்கள் நின்றால் தலையைப்போல் 7 முதல் 7½ மடங்கு உயரம் வருவார்கள்.

ஆனால் நம் ஊரில் நின்றுகொண்டிருப்பவரை எத்தனை தடவை வரையப்போகிறீர்கள்? பாதிப் பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள், மீதிப் பேர் குந்தியிருப்பார்கள். கற்றுக்கொடுக்கும் வெளிநாட்டுப் புத்தகங்களில் ஆள் எப்போதும் நாற்காலியில்தான் இருக்கிறார். சம்மணம் போட்டவர் தரையிலிருந்து சுமார் 4 தலை உயரம் வருவார். முட்டிகளுக்கு இடையே உள்ள அகலம் பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட அதிகம். அந்த அகலத்தைக் குறைத்தால் ஆள் கவிழ்ந்துவிடுவது போல் இருக்கும். குந்தியிருப்பவரிடம் பார்க்க வேண்டியது பாதம். உடம்பின் எடை முழுக்க அதன் மேல்தான் இறங்குகிறது. பாதத்தைத் தரையில் சரியாகப் பதித்துவிட்டால் மேலே உள்ளது தானாக நிற்கும்.

வேலூரில் எங்கே உட்கார்ந்து பழகலாம்?

கோட்டை அகழியை ஒட்டிய பூங்காவில் சாயங்காலம். அங்கே வருபவர்கள் அவசரமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள், பக்கவாட்டு வெளிச்சமும் கிடைக்கும். விடியற்காலையில் நேதாஜி மார்க்கெட். மூட்டை தூக்குபவரின் முதுகும், பூ கட்டுபவரின் விரல்களும் வேறெங்கும் இவ்வளவு அருகில் கிடைக்காது. ரயில்வே பிளாட்பாரம், தூங்குபவர்களை வரைய.

கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விஜயநகர காலத்து வேலை. தூண்களில் பாயும் குதிரைகள், யாளிகள், அவற்றின் மேல் வீரர்கள். கல் அசையாது, கூலியும் கேட்காது. ஒரே வீரனைக் காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் வரைந்தால், வெளிச்சம் இடம் மாறும்போது ஒரே முகம் எப்படி வேறாகத் தெரிகிறது என்பது கைக்கே புரிந்துவிடும்.

சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் மக்கள் வந்துகொண்டே இருப்பதால், அதைச் சுற்றியுள்ள தெருக்களில் டீக்கடையில் நின்றாலே பல வகை முகங்களைப் பார்க்கலாம். கன்ன எலும்பு, இமை மடிப்பு, மூக்குத்தண்டு எல்லாம் எவ்வளவு மாறுகின்றன என்று பார்த்துப் பழக நல்ல இடம். ஆனால் நோட்டை எடுக்காதீர்கள். நோயோடும் கவலையோடும் இருப்பவர்களை அவர்களுக்குத் தெரியாமல் வரைவது சரியில்லை. பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரையுங்கள்.

மற்ற இடங்களில் கேட்டுவிட்டு வரையுங்கள். "அண்ணா, உங்களை வரையட்டுமா?" என்றால் பெரும்பாலும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுவார். அது கொஞ்ச நேரம்தான். விறைப்பு தளரும்வரை பேசிக்கொண்டே சும்மா கோடு போட்டுக்கொண்டிருங்கள்.

அசைந்துகொண்டே இருப்பவர்களை எப்படி வரைவது?

வேலை செய்பவர் அசைந்தாலும் அதே இடத்துக்குத் திரும்பி வருவார். அதுதான் நமக்குப் பிடி. குடியாத்தம் பக்கம் பல வீடுகளில் திண்ணையில் பீடி சுற்றுவார்கள். மடியில் முறம், அதில் வெட்டிய இலையும் தூளும். இலையில் தூளை வைத்து, கட்டைவிரலால் உருட்டி, முனையை மடித்து, நூல் சுற்றி, முறத்தில் போட்டுவிட்டு அடுத்த இலைக்குக் கை போகும். இந்தச் சுற்று சில நொடிகளில் முடிந்து மறுபடி தொடங்கும். நான் ஒரே தாளில் நான்கைந்து கை நிலைகளைத் தொடங்கிவைத்துவிடுவேன். எந்த நிலை திரும்பி வருகிறதோ அதில் ஒரு கோடு சேர்ப்பேன். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கும், கழுத்து முன்னால் இறங்கியிருக்கும், முதுகு ஒரே வளைவாக இருக்கும். இவை மூன்றும் அசையாதவை. அவற்றை முதலில் போட்டுவிட்டு விரலுக்கு வரலாம்.

அப்படி நான் வரைந்த ஓர் அக்கா, தன் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, மூஞ்சியே காணோம்?" என்றார். பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்து, "மூஞ்சி இன்னாத்துக்குடி? அது உன் முதுகுதான்" என்றுவிட்டுப் போனார்.

வண்ணம் இல்லாமல் கோட்டிலேயே ஓர் ஆளைக் கொண்டுவர முடியுமா?

முடியும். ஓவியர் கே.எம். ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டி காந்தியை வரைந்த கறுப்பு மைக் கோட்டோவியங்களைப் பாருங்கள். ஆளைவிட காந்தியின் நடை முன்னால் வருகிறது. பழைய வட ஆர்க்காட்டுக்காரர் என்று சொந்தம் கொண்டாட நமக்கு ஏ.பி. சந்தானராஜ் இருக்கிறார். திருவண்ணாமலையில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, அங்கேயே முதல்வராகவும் இருந்தவர். கோட்டுக்காகவே பேசப்பட்டவர்.

கோடு ஒரே தடிமனில் போனால் அது வெறும் கம்பி. எடை விழும் இடத்தில் அழுத்துங்கள், வெளிச்சம் படும் இடத்தில் மெலிதாக்குங்கள், தேவைப்பட்டால் விட்டே விடுங்கள். தோளின் வெளிச்சப் பக்கத்துக் கோட்டை அழித்துவிட்டால் தோள் காணாமல் போகாது, பார்ப்பவரின் கண் அதை நிரப்பிக்கொள்ளும். அழிரப்பரை ஓரமாக வைத்துவிட்டு மை பேனாவில் பழகினால் இந்தத் துணிச்சல் சீக்கிரம் வரும்.

தோல் நிறத்துக்கு எந்த ட்யூப் வாங்க வேண்டும்?

எதுவும் வேண்டாம். வண்ணப் பெட்டியில் "தோல் நிறம்" என்று இளஞ்சிவப்பாக ஒன்று இருக்கும். வேலூரில் அந்த நிறத்தில் யாரையும் நான் பார்த்ததில்லை.

எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் நீலம், அலிசரின் கிரிம்சன் (ஆழ்ந்த சிவப்பு), வெள்ளை. இவை போதும். ஆண்டர்ஸ் ஸோர்ன் என்ற ஸ்வீடன் ஓவியர் ஓக்கர், வெர்மிலியன் சிவப்பு, கறுப்பு, வெள்ளை என்று நாலே வண்ணத்தில் பெரிய பெரிய உருவப்படங்களை முடித்திருக்கிறார். ட்யூப் குறைந்தால் கலவை ஒழுங்காக வரும். மனிதர்களை வரைய வருகிறவர்களிடம் இருபத்து நான்கு வண்ணப் பெட்டியைப் பார்த்தாலே எனக்குக் கவலைதான்.

நம் ஊர் மாநிறத்துக்கும் கருப்புக்கும் அடிப்படை பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைனும். இரண்டையும் கலந்து பாருங்கள். சியன்னா கூடினால் செம்பழுப்பு, நீலம் கூடினால் கறுப்புக்குப் பக்கத்தில் போகும் குளிர்ந்த நிறம், நடுவில் எத்தனையோ படிகள். வெளிச்சப் பக்கத்துக்கு ஓக்கரைச் சேர்த்து மேலேற்றுங்கள். வெள்ளையில் கஞ்சத்தனம் வேண்டும். பழுப்பில் வெள்ளை அதிகமானால் முகம் சுண்ணாம்படித்த சுவர் மாதிரி வெளிறிப்போகும்.

ஒரு முகத்துக்குள்ளேயே நிறம் மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். நெற்றியில் மஞ்சள் சாயை கொஞ்சம் அதிகம். மூக்கு நுனி, கன்னம், காது ஆகியவற்றில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் சிவப்பு கூடுதல். கருத்த முகத்தில் அந்தச் சிவப்பு, பழுத்த நாவல் பக்கம் போகும் ஆழமான நிறமாகத் தெரியும். அங்கேதான் கிரிம்சன் வேலை செய்கிறது. சவரம் செய்த ஆணின் தாடையில் நீலச்சாயை. இந்த மூன்று வேறுபாட்டையும் லேசாக வைத்தாலே முகம் உயிர்பெற்றுவிடும்.

கருப்பான தோலுக்குக் கறுப்பு வண்ணம் சேர்க்கலாமா?

ட்யூபில் வரும் கறுப்பைச் சியன்னாவில் கலந்தால் நிறம் செத்துப்போகிறது. நிழலுக்குப் போக நீலமோ கிரிம்சனோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கருத்த தோலை வரைவது ஓவியனுக்கு ஒரு கொடுப்பினை. ஏனென்றால் சுற்றியுள்ள வெளிச்சத்தின் நிறம் அதில் தெளிவாகத் தெரியும். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் பளபளப்பை உற்றுப் பாருங்கள். வெட்டவெளியில் அது வானத்தின் நீலமாக இருக்கும். ட்யூப்லைட்டுக்குக் கீழே குளிர்ந்த வெள்ளை, குண்டு பல்புக்கு அருகே மஞ்சள். வியர்வை இருந்தால் ஓரம் கூர்மையாகும். அங்கே வெள்ளையை அப்படியே ஒற்றி வைப்பவர்கள் இந்த வாய்ப்பை வீணாக்குகிறார்கள்.

ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்களைத் தேடிப் பாருங்கள். 1979-இல் பிறந்து 2021-இல் கொரோனாவுக்குப் பலியானவர். அடுப்படி வெளிச்சத்திலும் ஜன்னல் வெளிச்சத்திலும் இருக்கும் தமிழ்ப் பெண்களின் நிறத்தை அவ்வளவு மதிப்போடு பார்த்த தூரிகை அது.

"கொஞ்சம் கலரா போடுங்க" என்று கேட்டால் போடுவீர்களா?

மாட்டேன். கல்யாணத்துக்குப் படம் கேட்பவர்கள், இறந்துபோன அம்மாவுக்குப் படம் கேட்பவர்கள், எல்லோரும் இதைக் கேட்கிறார்கள். நிறத்தை ஏற்றினால் வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார் என்பதும் எனக்குத் தெரியும்.

நான் செய்வது ஒன்றுதான்: வெளிச்சத்தைக் கூட்டுவேன். முகத்தின் ஒரு பக்கம் நல்ல காலை வெளிச்சம் விழுவதாக வைத்து, பின்னணியை ஆழமாக்கினால் அதே நிறத் தோல் ஒளிர்ந்து தெரியும். படத்தைப் பார்த்துவிட்டு, "நான் சொன்ன மாதிரியே கலராப் போட்டுட்டீங்க" என்று பலர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தோலில் நான் ஒன்றும் செய்யவில்லை. ராஜா ரவிவர்மா அச்சகத்து சாமி படங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம் வீட்டுச் சுவர்களில் தொங்குகின்றன. அழகு என்றால் அந்த வெளிர் நிறம்தான் என்று பழக்கியதில் அவற்றுக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

மதிய வெயிலில் உட்கார வைத்து வரையலாமா?

வேண்டாம். உட்காருபவர் பாவம் என்பது முதல் காரணம். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயில் எல்லோருக்கும் தெரியும். உச்சி வெயிலில் கண்குழிகள் இருண்டுவிடும், மூக்கின் கீழே ஒரு மீசை நிழல் விழும். அறையில் ஒரு ஜன்னல் பக்கம், காலை நேரம், மற்ற ஜன்னல்களைச் சாத்திவிட்டு. இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது.

வெளியில்தான் வரைவேன் என்பவர்கள் எதிரொளியைக் கவனியுங்கள். நிழல் பக்கம் இருட்டாக இருக்காது. செம்மண் தரையில் நிற்பவரின் தாடைக்குக் கீழே செம்மண் நிறம் ஏறியிருக்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், குரோம் பதனிட்ட ஈரத் தோலை அடுக்கிவைத்திருப்பார்கள். வெளிர் நீல நிறம் அது. அதன் மேல் குனிந்து வேலை செய்பவரின் மார்பிலும் கைகளின் அடிப்பக்கத்திலும் அந்த நீலம் படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். அவருடைய தோலுக்கு ஒரு நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு பூசினால் அந்த இடம் படத்தில் வராது, அந்த ஷாப்பும் வராது.

புடவை, லுங்கி, புர்கா: துணியை எப்படிக் கையாள்வது?

துணி எங்கிருந்து தொங்குகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். புடவை தோளிலும் இடுப்புச் செருகலிலும் தொங்குகிறது. மடிப்புகள் அந்த இரண்டு இடத்திலிருந்து கிளம்பும். எல்லா மடிப்பையும் வரைந்தால் துணிதான் படமாகும், ஆள் பின்னால் போய்விடுவார்.

குடியாத்தம் கட்டம் போட்ட லுங்கி வரைபவனுக்கு உதவி செய்யும் துணி. முட்டியின் மேல் கட்டங்கள் வளைந்து ஏறி, மறுபக்கம் இறங்கும். அந்த வளைவைச் சரியாகப் போட்டால் உள்ளே இருக்கும் காலுக்கு நிழலே தீட்ட வேண்டியதில்லை.

கறுப்பு புர்காவையும் கறுப்பு ட்யூபால் நிரப்பாதீர்கள். வெயில் படும் பக்கம் பழுப்புச் சாம்பலாகவும், நிழல் பக்கம் நீலம் கலந்தும் இருக்கும். முழுக் கறுப்பு மடிப்பின் ஆழத்தில் மட்டும்தான்.

வேலூர் வெயிலுக்கு எது சரி, வாட்டர்கலரா, அக்ரிலிக்கா, ஆயிலா?

அக்ரிலிக்கில் உள்ள நீர் ஆவியாகித்தான் அது காய்கிறது. கோடையில் ஃபேனுக்குக் கீழே பேலட்டிலேயே காய்ந்துவிடும், கன்னத்தில் நிழலை வெளிச்சத்தோடு இழைக்க நேரமே கிடைக்காது. ஒரு டப்பாவில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர், அதன் மேல் வண்ணம். இப்படி வைத்தால் வெகு நேரம் தாங்கும். காய்வதைத் தாமதப்படுத்த ரிடார்டர் என்று ஒரு திரவமும் கடையில் கிடைக்கும், அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் சேர்க்க வேண்டும்.

ஆயிலில் அந்தத் தொல்லை இல்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுகிறது. முகத்துக்கு இந்த நிதானம் மிகவும் தேவை. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் அதிகமாகவும் இருக்க வேண்டும், மாறினால் பின்னாளில் வெடிக்கும். வீட்டில் ஒரே அறைதான், சின்னக் குழந்தை இருக்கிறது என்றால், ஆயிலை இளக்கும் டர்பன்டைனின் வாடை வேண்டாம்.

வாட்டர்கலரை விடிகாலையில் செய்யுங்கள். 300 ஜிஎஸ்எம் என்று கனம் குறித்த தடித்த பருத்திக் காகிதம் விலை அதிகம்தான். ஆனால் மெல்லிய காகிதத்தில் நீர்த்த வண்ணத்தைப் படரவிட்டு முகத்தைக் கொண்டுவர முடியாது, காகிதம் சுருண்டுவிடும். பழகுவதற்குக் கேம்லின் வண்ணமே போதும். காகிதத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

செல்ஃபோன் ஃபோட்டோவைப் பார்த்து வரையலாமா?

வரையலாம். எடுக்கும்போது இரண்டு மீட்டராவது தள்ளி நின்று, ஜூம் வைத்து எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஓடிவிடும். பியூட்டி ஃபில்டரை அணைத்துவிடுங்கள். அது முதலில் அழிப்பது நமக்கு வேண்டிய சுருக்கங்களைத்தான். ஃபோட்டோவில் நிழல் உண்மையைவிடக் கறுத்துப்போகும் என்பதால் நிழலுக்குள் இருக்கும் நிறத்தை உங்கள் நேரடிப் பழக்கத்திலிருந்துதான் எடுத்துவைக்க வேண்டும். ஆளை நேரில் பார்த்து வரைந்து பழகாதவர்களுக்கு ஃபோட்டோ உதவாது என்று நான் சொல்வது இதனால்தான்.

இறந்தவருடைய ஆதார் ஃபோட்டோ மட்டும்தான் இருக்கிறது. வரைய முடியுமா?

இதுதான் எனக்கு அதிகம் வரும் வேலை, மிகவும் கடினமான வேலையும் இதுதான். ஆதார் படத்தில் வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழுந்து முகத்தைத் தட்டையாக்கிவிடும். ஆளும் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்.

அதனால் வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பேன். கல்யாண ஆல்பத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் படமென்றாலும் சரி, முகம் மங்கலாக இருந்தாலும் தோளும் கழுத்தும் கிடைக்கும். அப்புறம் பிள்ளைகளை நேரில் வரச் சொல்வேன். மூக்கின் பக்கவாட்டு அமைப்பும் காது மடலும் மகனிடமோ பேத்தியிடமோ அப்படியே இருக்கும், வீட்டார் சொல்லிவிடுவார்கள். துண்டை எந்தத் தோளில் போடுவார், வெற்றிலை போடுவாரா, மூக்குக்கண்ணாடியை எங்கே இறக்கி வைத்துக்கொள்வார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். ஒரு வீட்டில் கண்ணாடிக் காம்பு உடைந்து தாத்தா அதை நூலால் கட்டி வைத்திருந்ததாகப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். அந்த நூலையும் படத்தில் வைத்தேன். ஆயா படத்தைப் பார்த்ததும் முதலில் விரலை வைத்தது அந்த முடிச்சின் மேல்தான்.

வண்ணம் தீட்டுவதற்கு முன்னால் கரியில் ஒரு வரைவு போட்டுக் குடும்பத்தாரிடம் காட்டிவிடுவேன். "இல்ல, வாய் இப்படி இருக்காது" என்பதெல்லாம் அந்தக் கட்டத்திலேயே வந்துவிட வேண்டும்.

கட்டம் போட்டு வரைவது, ட்ரேசிங், புரொஜெக்டர், இதெல்லாம் ஏமாற்றா?

இல்லை. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் சினிமா பேனர் ஆர்ட்டிஸ்ட்டுகள் உள்ளங்கை அளவு ஸ்டில்லில் கட்டம் போட்டு, அதை நாற்பதடி கட்-அவுட்டாக ஏற்றினார்கள். ஏமாற்று என்று அவர்களை யார் சொல்ல முடியும்? அந்தப் பழைய பேனர் முகங்களைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், கன்னத்தில் ரோஸ், தாடையில் நீலம், நெற்றியில் மஞ்சள் என்று அப்பட்டமாக அடித்திருப்பார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றால் எல்லாம் சேர்ந்து முகமாகிவிடும். நான் மேலே சொன்ன நெற்றி, கன்னம், தாடைக் கணக்கு அவர்கள் கைக்குப் பழகிப்போனது.

பெரிய அளவுக்கு மாற்றக் கட்டம் நல்ல வழி. ட்ரேசிங்கை மட்டும் பழகும் காலத்தில் தொடாதீர்கள். அது ஃபோட்டோவின் ஓரத்தைக் கொடுக்கும், எலும்பு எங்கே இருக்கிறது என்பதைக் கொடுக்காது.

சிரிப்பும் பல்லும் ஏன் கோரமாக வருகின்றன?

பற்களுக்கு நடுவே கோடு போடுவதால். பல்வரிசையை ஒரே வடிவமாக, கொஞ்சம் பழுப்பு கலந்து வையுங்கள். வாயின் இரு ஓரங்களிலும் இருட்டாக்குங்கள். சிரிப்பு உதட்டைவிடக் கீழிமையில் அதிகம் தெரியும்.

குழந்தைகளை வரைய?

கண் பாதிக்கும் கீழே, நெற்றி பெரிது, கோடு குறைவு. தூங்கும்போது வரைந்துகொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் பழைய ஓவியம் எதையாவது பார்க்க முடியுமா?

வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் மலையம்பட்டு அருகே ஆர்மாமலை இருக்கிறது. சமணர்கள் தங்கிய குகை. கூரையில் 8-ஆம் நூற்றாண்டு வாக்கிலான ஓவியங்கள், திசைக்காவலர்கள், தாமரை, கொடிகள். பெரும்பகுதி அழிந்துவிட்டது. மிஞ்சிய இடத்தில் உருவங்களை அடைக்கும் கோட்டைப் பாருங்கள், பாறை மேல் பூசிய சுதையில் எப்படித் தயக்கமில்லாமல் போயிருக்கிறது என்று.

பழைய வட ஆர்க்காட்டில் இருந்து இப்போது திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்ட மாமண்டூரில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் இருக்கின்றன. அங்கே ஓவியம் பார்க்கக் கிடைக்காது, கல்வெட்டுதான். சிதைந்துபோன அந்தக் கல்வெட்டில் தட்சிணசித்திரம் என்று ஓவியம் தொடர்பான பெயர் வருகிறது. சித்திரகாரப்புலி என்று பட்டம் வைத்துக்கொண்ட அரசன் அவன். காஞ்சிபுரம் போகிற வழியில் ஒரு நடை எட்டிப் பார்க்கலாம். கல்வெட்டையோ ஓவியத்தையோ தொடாதீர்கள், தண்ணீர் தெளித்து ஃபோட்டோ எடுக்கும் வேலையும் வேண்டாம்.

முறையாகப் படிக்க எங்கே போவது?

பிளஸ் டூவுக்குப் பிறகு சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் நான்கு வருட இளங்கலைப் படிப்பு. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. சேர்க்கைக்கு வரைந்து காட்ட வேண்டியிருக்கும், ஆளைப் பார்த்து வரைந்த நோட்டுகள் கைவசம் இருக்கட்டும். வேலையில் இருப்பவர்கள் அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியப் பாடத்தை லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளில் எழுதுகிறார்கள். ஓவிய ஆசிரியர் வேலைக்குப் போக அது உதவும்.

காசு கொடுத்து என் படத்தை வரையச் சொன்னால், அதன் உரிமை யாருக்கு?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் கேட்டு வரையப்படும் உருவப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவர்தான் முதல் பதிப்புரிமையாளர். அதனால் படத்தைக் கண்காட்சியில் வைக்க வேண்டும், காலண்டரில் போட வேண்டும் என்று ஓவியருக்கு ஆசை இருந்தால், முன்பணம் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது. நானும் அப்படித்தான் செய்கிறேன். அளவு, படத்தில் எத்தனை பேர், எந்த வண்ணம், எப்போது கொடுப்பது என்பதும் அதே தாளில் இருக்கும். இதை வரைந்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும், பதிப்புரிமை கைமாறினாலும் வரைந்தவரிடமே இருக்கும்.

படத்தை எங்கே மாட்டலாம்? கண்ணாடி போட வேண்டுமா?

வாட்டர்கலருக்கும் கரிக்கும் கண்ணாடி கட்டாயம். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே மவுண்ட் என்ற தடித்த அட்டைச் சட்டத்தை வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஆயிலுக்குக் கண்ணாடி வேண்டாம். ஆறு மாதமாவது நன்றாக இறுகிய பிறகு வார்னிஷ் அடித்துக்கொள்ளலாம், கொண்டுவந்தால் நானே அடித்துத் தருகிறேன். வெயில் நேராக விழும் சுவரும் வெளிச்சுவரின் உட்பக்கமும் வேண்டாம். பூஜை அறையில் மாட்டினால் விளக்குப் புகை எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். மாலை போடுவதாக இருந்தால் தனியாக ஆணி அடித்து அதில் போடுங்கள், ஈரப் பூவைக் கேன்வாஸ் மேல் சாத்த வேண்டாம்.